தூண் வரிசையும் டயர் தொழிற்சாலையும்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உங்கள் மாணவர் குழு கல்லூரியின் வரலாற்றைப் பற்றி ஒரு மலரும் கண்காட்சியும் கொண்டுவரப் போகிறது, பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்பா சொன்னான். நீ அனுப்பிய பட்டியலும் வந்து சேர்ந்தது. கல்லூரித் தலைவர்கள், அவர்கள் பதவியில் இருந்த ஆண்டுகள், திறப்பு விழாக்களுக்கு வந்த சிறப்பு விருந்தினர்கள், பட்டமளிப்பு விழாவில் பேசியவர்கள். கடைசியில் ஒரு கேள்வி: “அட்டையில் யார் படம் போடலாம், பெரியம்மா?”

கல்லூரி ஆவணக் காப்பகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விழா மலர்களைப் புரட்டிப் புரட்டியே என் கண் பார்வை மங்கியது. அதனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. முதலில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கு. 149ஆம் தெருவில் வடக்கே போகும் 4ஆம் எண் ரயிலில் ஏறி, பர்ன்சைட் அவென்யூவில் இறங்கி, பிராங்ஸ் சமுதாயக் கல்லூரிக்கு நட. ஹார்லெம் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டின் விளிம்பில் 630 அடி நீளத்துக்கு, வில்லாக வளைந்து ஓடும் ஒரு தூண் வரிசை. தூண்களுக்கு இடையில் வெண்கலத் தலைகள். அமெரிக்கப் பெரியோர் புகழ் மண்டபம் என்று அதற்குப் பெயர். பின்னாளில் பந்தாட்டக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் எழுந்த புகழ் மண்டபங்களுக்கெல்லாம் இதுதான் தாய்.

மண்டபம் எழுந்த காலத்தில் அந்த இடம் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அதன் வேந்தராக இருந்த ஹென்றி மெக்கிராக்கன் போட்ட திட்டம், ஸ்டான்ஃபோர்டு ஒயிட் வரைந்த கட்டடம், ஹெலன் கூல்டு என்ற செல்வச் சீமாட்டி பெயர் சொல்லாமல் கொடுத்த பணம். 1901 மே 30 அன்று திறப்பு விழா. யாருக்குச் சிலை என்பதை முடிவு செய்ய நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய நூறு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். கல்லூரித் தலைவர்கள், பேராசிரியர்கள், நீதிபதிகள், எழுத்தாளர்கள் என்று எல்லாரும் பெரிய மனிதர்கள். 1900இல் நடந்த முதல் தேர்தலில் 29 பேர் தேறினார்கள். எட்கர் ஆலன் போ அந்தத் தேர்தலில் தோற்று, 1910இல்தான் உள்ளே வந்தார். 1976இல் கடைசித் தேர்தல். அதுவரை மொத்தம் 102 பேர் தேர்வானார்கள், 98 பேருக்குத்தான் சிலை வந்தது. மற்ற நால்வருக்கு வெண்கலம் வார்க்கப் பணமில்லை. அந்த நால்வரில் ஆண்ட்ரூ கார்னகியும் ஒருவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ஊர் ஊராக நூலகம் கட்டிக் கொடுத்த மனிதர்!

தூண்களுக்கு நடுவே நடக்கும்போது தலைகளைப் பார்ப்பதோடு நிறுத்தாதே. எந்த ஆண்டில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போ. புக்கர் டி. வாஷிங்டன், உள்ளே வந்த முதல் கறுப்பினத்தவர், 1945இல் தேர்வானார். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1955இல், ஸ்டோன்வால் ஜாக்சன் தேர்வானார். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகப் படை நடத்தியவர். உள்நாட்டுப் போர் முடிந்து தொண்ணூறு ஆண்டு ஆன பிறகு அவருக்கு என்ன அவசரம் வந்தது? 1954இல்தான் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1955 டிசம்பரில் மான்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அந்த நேரத்தில் அந்தப் பெரிய மனிதர்களின் கை ஜாக்சனுக்குப் போனது. அந்த வாக்கு ஜாக்சனைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். 1955ஆம் ஆண்டைப் பற்றி, வாக்களித்தவர்களைப் பற்றி, அது நிறையச் சொல்கிறது. நீ எழுதப்போகும் மலரையும் ஒரு நாள் யாராவது இப்படித்தான் படிப்பார்கள், கண்ணே. நீ யாரைப் போற்றினாய் என்பதை வைத்து உன் காலத்தை அளப்பார்கள்.

2017 ஆகஸ்டில், சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களின் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்துக்குப் பிறகு, ஜாக்சனின் தலையையும், 1900இலேயே தேர்வாகியிருந்த இன்னொரு தென்படைத் தளபதி ராபர்ட் ஈ. லீயின் தலையையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பதே என் கருத்து. அந்தக் கல்லூரியில் படிக்க வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தவரும். தங்கள் பாட்டன் பூட்டனை விலைப் பொருளாக வைத்திருந்த அமைப்புக்காகப் போரிட்டவனின் முகத்தைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்கக்கூடாது. ஆனால் சிலையை எடுத்தவர்கள் அதோடு தேர்தல் கதையையும் சேர்த்து மறந்துவிடக்கூடாது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று அங்கேயே எழுதி வைத்தால் அது வெண்கலத்தைவிட நல்ல பாடம்.

போன கையோடு மேரி லையன் முன்னால் சற்று நேரம் நில். 1905இல் தேர்வான பெண்களில் ஒருவர். மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விக்கூடத்தை 1837இல் தொடங்கியவர். அதற்காக வீடு வீடாகப் போய், சில்லறைக் காசையும் மறுக்காமல் வாங்கிச் சேர்த்தார். அந்த வரிசையில் சமுதாயக் கல்லூரியின் மனசுக்கு மிக நெருங்கியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இனி அந்த மேட்டில் இன்று இருக்கிற கல்லூரிக்கு வருவோம். பிராங்ஸ் மக்கள் தங்கள் பகுதிக்கு ஒரு கல்லூரி கேட்டு அலைந்து 1957இல் பெற்ற நிறுவனம் அது. முதல் தலைவர் மோரிஸ் மைஸ்டர், பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர். தூண் வரிசையை அவர்கள் கட்டவில்லை, கேட்கவும் இல்லை. 1973இல் நியூயார்க் பல்கலைக்கழகம் பண நெருக்கடியில் அந்த வளாகத்தை விற்றபோது, கட்டடங்களோடு பெரியோர்களும் சேர்ந்து வந்துவிட்டார்கள். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுப்பிய மண்டபத்தின் நிழலில் இப்போது தாதியர் படிப்புப் படிக்கும் அம்மாக்கள் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் பிடிப்பதற்கு அதுவே காரணம்.

அந்த மண்டபம் திறந்த அதே 1901இல், இலினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் ஆறு மாணவர்களோடு கல்லூரி வகுப்புகள் தொடங்கின. பள்ளியை நடத்திய ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் பேசி வைத்த ஏற்பாடு. இன்றுவரை இடைவிடாமல் நடக்கும் அமெரிக்கப் பொது ஈராண்டுக் கல்லூரிகளில் மூத்தது அதுதான். பணமில்லாத பிள்ளை வீட்டில் இருந்தபடியே இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்ற ஏற்பாடு, அதிபர் ட்ரூமன் அமைத்த கல்விக்குழு 1947இல் பரிந்துரைத்த பிறகு நாடெங்கும் பரவியது. பெரியோர் மண்டபம் திறந்தபோது கூட்டமும் பேச்சும் இருந்தன. ஆறு பேர் வகுப்பில் உட்கார்ந்ததற்கு எந்த விழாவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. எது அதிகப் பேருடைய வாழ்க்கையை மாற்றியது என்பதை நீயே எண்ணிப் பார்.

உன் கல்லூரிக்கு இப்படி யாரும் விட்டுச்சென்ற தூண்கள் கிடையாது. பெயரையே அது தானாகத் தேடி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் வேறு ஊர்களிலும் இது நடந்தது. சிகாகோவில் ஒரு கல்லூரி 1969இல் மால்கம் எக்ஸ் பெயரை ஏற்றது, இன்னொன்று அதே ஆண்டில் கென்னடி–கிங் ஆனது. புரூக்ளினில் எழுந்த கல்லூரிக்கு, மிசிசிப்பியில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸின் பெயர் கிடைத்தது. உன் கல்லூரிக்குத் தென் பிராங்ஸ் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் கேட்டது எவுஹேனியோ மரியா தே ஓஸ்தோஸின் பெயரை.

அவரைப் பற்றி மலரில் ஒரு பத்தியில் முடித்துவிடாதே. புவேர்ட்டோ ரிக்கோவின் மாயகுவேஸில் 1839இல் பிறந்தவர். தன் தீவும் கியூபாவும் ஸ்பெயினிடமிருந்து விடுபட வேண்டும், அண்டிலிஸ் தீவுகள் ஒரு கூட்டமைப்பாக வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தார். நியூயார்க்கிலும் இருந்திருக்கிறார். 1870களின் தொடக்கத்தில் சிலியில் பெண்களுக்கு அறிவியல் கல்வி தர வேண்டும் என்று உரையாற்றினார், அப்போது அங்கே பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்கவே இல்லை. 1880இல் சாண்டோ டொமிங்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவரது துணையோடு கவிஞர் சலோமே உரேன்யா 1881இல் பெண்களுக்கான கல்விக்கூடம் தொடங்க, 1887இல் ஆறு பெண்கள் ஆசிரியைகளாகப் பட்டம் பெற்றார்கள். அங்கேயும் ஆறு பேர்தான். ஓஸ்தோஸ் 1903இல் இறந்தார். புவேர்ட்டோ ரிக்கோ விடுதலை அடையும்வரை தன் உடல் டொமினிக்கன் மண்ணிலேயே இருக்கட்டும் என்பது அவர் விருப்பம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஜனவரி 11 அவர் பிறந்த நாள். உங்கள் குழு மாலை போட்டுக் கேக் வெட்டுவதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் கல்லூரியில் படிக்கும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் தாய்மார்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும் பிறந்தநாள் பரிசு அது.

கல்லூரிக்கு 1968இல் ஒப்புதல் கிடைத்தது. 1970இல் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில் 475ஆம் எண் கட்டடத்தில், முன்பு டயர் தொழிற்சாலையாக இருந்த இடத்தில், வகுப்புகள் தொடங்கின. ஆங்கிலம் சரியாக வரவில்லை என்பதற்காக ஒருவர் கணக்கையோ உயிரியலையோ தள்ளிப்போட வேண்டாம், பாடத்தை ஸ்பானிய மொழியில் படித்துக்கொண்டே ஆங்கிலத்தையும் கற்கலாம் என்பது அங்கே நடந்த புதுமை. வயது வந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்தவர்களுக்கு அது வாழ்வா சாவா என்பது போன்ற வேறுபாடு.

அதற்குப் பிறகு வந்த 1976ஐ உன் மலரின் நடுவில் வை. நியூயார்க் நகரம் திவாலாகும் விளிம்பில் நின்ற காலம். 1847 முதல் கட்டணமில்லாமல் நடந்துவந்த நகரக் கல்லூரிகளில் அந்த ஆண்டுதான் கட்டணம் வந்தது. சிக்கனத்துக்காகச் சில கல்லூரிகளை மூடலாம், சிலவற்றை இணைக்கலாம் என்றது உயர்கல்வி வாரியம். ஆறே வயதான உன் கல்லூரியைப் பிராங்ஸ் சமுதாயக் கல்லூரியோடு, அதாவது நான் உன்னைப் போகச் சொன்ன தூண் வரிசைக் கல்லூரியோடு, இணைத்துவிடத் தீர்மானித்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும் அக்கம்பக்கத்தாரும் கட்டடத்துக்குள் புகுந்து ஏறக்குறைய மூன்று வாரம் வெளியே வர மறுத்தார்கள். காவல்துறை வந்து கைது செய்தது. தெருவில் ஊர்வலம், மாநிலத் தலைநகர் அல்பனியில் சட்டமன்றத்துக்குப் படையெடுப்பு. கடைசியில் அந்த ஜூன் மாதம் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் கல்லூரியைத் தனியாகவே நிற்க விட்டது. இரண்டு ஆண்டு கழித்து, இடம் போதாமல் தவித்தபோது, எதிரில் பூட்டிக் கிடந்த 500ஆம் எண் கட்டடத்துக்குள் மாணவர்கள் மறுபடி புகுந்து உட்கார்ந்தார்கள். இன்று நீ போய்வருகிற வளாகம் இப்படிக் கிடைத்தது.

இப்போது உன் பட்டியலை எடுத்துப் பார். 1976இல் கட்டடத்துக்குள் இரவு தங்கிய ஒருவர் பெயராவது அதில் இருக்கிறதா? சிறப்பு விருந்தினர்கள் மட்டும் நிறைந்திருக்கிறார்கள். விருந்தினர்கள் வந்து போனவர்கள். கல்லூரி இருப்பதற்குக் காரணமானவர்கள் வேறு. தலைவர்களை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பதவி வகித்த ஆண்டை மட்டும் எழுதாமல், அவர் இருந்தபோது யாருக்குக் கதவு திறந்தது, அல்லது மூடியது என்று ஒரு வரி சேர். அந்த ஒரு வரிக்காக நீ ஒரு வாரம் தேட வேண்டியிருக்கும். தேடு.

ஹெர்மன் படியோவை எடுத்துக்கொள். பிராங்ஸ் பரோவின் தலைவராக இருந்தவர், உன் கல்லூரி வர வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அதே மனிதர் 1990களின் இறுதியில் நகரப் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவில் இருந்துகொண்டு, ஆங்கிலத் தேர்வில் தேறாதவர்கள் பட்டம் வாங்கக்கூடாது என்று கடுமையாக நின்றார். அதனால் உன் கல்லூரி மாணவர்கள் வழக்குமன்றம் வரை போக வேண்டிவந்தது. தரம் இல்லாத பட்டம் ஏழைப் பிள்ளையை ஏமாற்றும் என்பது அவர் கட்சி. பாதி வழியில் விதியை மாற்றுவது அநியாயம் என்பது மாணவர் கட்சி. நான் மாணவர் பக்கம். ஆனாலும் அவர் சொன்னதையும் முழுதாக அச்சிடு. விழா மலரில் சண்டையைப் போடலாமா என்று உன் குழுவில் யாராவது தயங்குவார்கள். சண்டையை நீக்கிவிட்டால் உன் கல்லூரியின் வரலாற்றில் மிச்சம் கட்டடங்கள் மட்டும்தான்.

எவெலினா லோப்பஸ் அந்தோனெத்தியைப் பற்றியும் படி. 1965இல் ‘யுனைடெட் பிராங்ஸ் பேரண்ட்ஸ்’ அமைப்பைத் தொடங்கி, பள்ளிகளில் இருமொழிக் கல்விக்காகத் தாய்மார்களைத் திரட்டியவர். அவர் போட்ட பாதையில்தான் உன் கல்லூரியின் மொழிக் கொள்கையும் நடந்தது. அந்த அமைப்பின் ஆவணங்கள் ஹன்டர் கல்லூரியின் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போ. பென்சிலோடு போ, பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

வேலை நுணுக்கம் கொஞ்சம் சொல்கிறேன். 1976இல் இருபது வயதுப் பிள்ளை இப்போது எழுபதைத் தொடுகிறார். உன் கல்லூரியில் அப்போது படித்தவர்களில் பலர் முப்பதைக் கடந்த அம்மாக்கள். எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே மலரின் வடிவமைப்பு, காகிதம், அட்டை எல்லாம் பிறகு. முதலில் ஆட்கள். போகும்போது “அந்தப் போராட்டம் உங்களுக்கு என்ன கற்றுத் தந்தது” என்று கேட்காதே. மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். எங்கே படுத்தீர்கள், யார் சமைத்தார்கள், குழந்தையை யாரிடம் விட்டீர்கள், வேலைக்கு என்ன சொல்லி விடுப்பு எடுத்தீர்கள், போலீஸ் வந்த காலை எந்த அறையில் இருந்தீர்கள் என்று கேள். அப்போது பார், பெயர்கள் வந்து விழும். பக்கத்தில் படுத்தவர், ரொட்டி கொண்டுவந்தவர், சாவியை மாற்றி வைத்த காவலாளி. ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துக்கூட்டலை அவர்களையே எழுதித் தரச் சொல். பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கு. கைதானதை வீட்டில் சொல்லாமலே இத்தனை காலம் இருந்தவர்கள் உண்டு. பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பழைய புகைப்படம் யாராவது தந்தால், முன்னால் நிற்பவரை மட்டும் அடையாளம் கேட்காதே. பின்வரிசை, ஓரத்தில் பாதி தெரிகிற கை, எல்லாம் கேள். பெயர்களைப் படத்தின் பின்பக்கம் ஓரத்தில், கடினமான பலகையில் வைத்து, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுது. பந்துமுனைப் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும். 1970களிலிருந்து பரவிய பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குத் தனி உறையில் எழுதிவை. செல்லோடேப்பும் ரப்பர் பேண்டும் படங்களின் அருகிலேயே போகக்கூடாது. கேசட் கிடைத்தால் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடு, தவறிப்போய் அழியாது. பிறகு தெரிந்தவரிடம் கொடுத்து ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்று.

விழாக்கள் பக்கத்துக்கு வருகிறேன். சமுதாயக் கல்லூரிகளில் பெரிய விழா என்றால் பட்டமளிப்புதான். பேச்சாளரின் உரையை நீ முழுதாகப் போட நினைத்திருக்கிறாய். அதைக் காப்பகம் பார்த்துக்கொள்ளும். நீ கூட்டத்தின் பக்கம் திரும்பு. பாட்டி, மாமியார், மூன்று வயதுக் குழந்தை, வேலைச் சீருடையோடு ஓடிவந்த கணவன் என்று ஒரு குடும்பமே ஒரு பட்டத்துக்கு வரும். பெயர் கூப்பிட்டதும் கத்துவார்கள். கத்தாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்ட கல்லூரிகளை நான் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். எட்டு ஆண்டு இரவுப் பணிக்கும் வகுப்புக்கும் இடையில் ரயிலில் தூங்கிப் படித்தவளுக்காகக் கத்தாமல் வேறு எதற்குக் கத்துவது? அந்தக் குடும்பங்களில் பத்துப் பேரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கு. ஸ்பானிய மொழியில் தந்தால் அப்படியே அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் போடு.

சரி, அட்டை. 1976 ஊர்வலப் படம் ஒன்று தேடிப் பிடி. நடுவில் யார் என்பது முக்கியமல்ல, பின் அட்டையின் உட்பக்கத்தில் அந்தப் படத்தில் இருக்கிற எத்தனை பேர் பெயரை உன்னால் தர முடிகிறதோ அத்தனையும் தா. பெயர் தெரியாத முகங்களுக்கு ஓர் எண் கொடுத்து, “தெரிந்தவர்கள் சொல்லுங்கள்” என்று கல்லூரி நூலகத்தின் முகவரியைப் போடு. ஓஸ்தோஸின் படம் உள்ளே முதல் பக்கத்தில் இருக்கட்டும், அவர் வாழ்க்கையோடு. தலைவர்கள் வரிசை அதன் பிறகு, நான் சொன்ன அந்த ஒரு வரியோடு.

நீ பார்க்கப் போகிற முதல் ஆளை இந்த வாரமே முடிவு செய். உடல்நலம் குன்றியவர் யாரோ அவரே முதலில். பேசிவிட்டு வந்த அன்றே, மறப்பதற்குள், உன் குறிப்பை எனக்கு அனுப்பு. அடுத்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து யோசிப்போம். சளி இன்னும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள், மருந்தை நடுவில் நிறுத்தாதே.

அன்புடன்,
பெரியம்மா